புல் மேயும் கரடிகள்: அலாஸ்கா கடற்கரைக் குறிப்புகள்

ஜூன் 26, ஹோமர்

ஆங்கரேஜிலிருந்து தெற்கே சுமார் 350 கிலோமீட்டர், வழி முழுக்கத் தூறல். சாலை முடிகிற ஊர் ஹோமர். ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சரளைத் திட்டின் நுனியில் தார் தீர்ந்துபோகிறது, அதற்கப்பால் கச்சமாக் விரிகுடா. 1964 நிலநடுக்கத்தில் இந்தத் திட்டு கணிசமாகக் கீழே இறங்கிவிட்டது. அப்படியும் மனிதர்கள் விடவில்லை. தூண் நட்டு, அதன்மேல் மரக்கடைகள் கட்டி, மீன்பிடிப் படகுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சியாட்டிலிலிருந்து மைத்துனன் வந்து சேர்ந்துகொண்டான். கரடி அவனுக்கு இரண்டாம்பட்சம், ஹாலிபட் மீன்தான் முதல். வறுத்த ஹாலிபட்டும் உருளைக்கிழங்கும் ஒரு தட்டு 27 டாலர். "ரூபாயில கணக்குப் போடாதீங்க அத்தான், தொண்டையில இறங்காது" என்று முன்னாலேயே எச்சரித்தான். போட்டேன். இறங்கத்தான் செய்தது. அவ்வளவு நல்ல மீன்.

திட்டு நெடுக வெண்தலைக் கழுகுகள் விளக்குக் கம்பத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஜீன் கீன் என்ற மூதாட்டி இங்கே பல வருடங்கள் குளிர்காலத்தில் கழுகுகளுக்கு மீன் போட்டு வந்தார். நூற்றுக்கணக்கில் அவை கூடும், உலகம் முழுவதிலிருந்தும் புகைப்படக்காரர்கள் வந்து குவிவார்கள். நாம் பார்த்திருக்கும் கழுகுப் படங்களில் பல அப்படிச் சோறு போட்டு எடுத்தவைதான். 2006ல் அந்தப் பழக்கத்துக்கு ஊர் தடை போட்டது, அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்து. அவர் 2009ல் இறந்தார், பழக்கமும் முடிந்தது. படத்துக்கு நஷ்டம், பறவைக்கு லாபம். சரி, நான் வந்தது கழுகுக்காக இல்லை.

இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. ஜன்னல் திரை மெல்லிய துணி. துண்டைப் போட்டு மூடித்தான் தூங்கினோம்.

ஜூன் 27, இன்னும் ஹோமர்

குக் நீர்வழியைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போக வேண்டும். சாலை கிடையாது, சின்ன விமானம் ஒன்றே வழி. காலை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். முதல் வேலை எடை பார்ப்பது. பைக்கு மட்டுமில்லை, ஆளுக்கும். தராசில் வரும் எண்ணை அந்தப் பெண் வாயால் சொல்லவில்லை. ஒரு தாளில் எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் ஊர் ரேஷன் கடையில் இந்த நாகரிகத்தை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் பனிமூட்டம். எதிர்க்கரை எரிமலைகள் இருக்கட்டும், ஓடுபாதையின் மறுமுனையே தெரியவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்பதை மதியம் மூன்று மணி வரை சொன்னார்கள். அதன்பின் இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு ராத்திரி அறை வாடகை 240 டாலர், யாரும் தரமாட்டார்கள். அலாஸ்காவில் வானிலைக்குக் கொடுக்கிற வரி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காத்திருந்தவர்களில் மினசோட்டாவிலிருந்து வந்த வயதான ஆசிரியத் தம்பதி ஒன்று. புகைபோட்ட சால்மனை பிஸ்கட் மேல் வைத்து எல்லோருக்கும் நீட்டினார்கள். யாரும் விமானத்தைத் திட்டவில்லை. மூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி புத்தகத்தைத் திறந்தார்கள். நானும் என் மைத்துனனும்தான் பத்து நிமிடத்துக்கொருமுறை வெளியே போய் வானத்தை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 28, சில்வர் சால்மன் க்ரீக்

விமானியோடு ஆறு பேர் கொள்ளும் செஸ்னா விமானம். இடப்பக்கம் தூரத்தில் அகஸ்டீன் தீவு எரிமலை, எதிரே 3,053 மீட்டர் இலியாம்னா, வடக்கே ரிடௌட். 1989 டிசம்பரில் ரிடௌட் கக்கிய சாம்பலுக்குள் ஒரு பயணிகள் விமானம் புகுந்து, நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. பல ஆயிரம் அடி கீழே விழுந்து, மறுபடி எஞ்சின் பிடித்து, ஆங்கரேஜில் பத்திரமாக இறங்கியது. இந்தக் கதையை விமானி நடுக்கடலுக்கு மேல் வைத்து ஹெட்ஃபோனில் சாவகாசமாகச் சொன்னார். மைத்துனன் இருக்கையின் அடியைப் பிடித்துக்கொண்டான்.

இறங்கியது கடற்கரை மணலில். தடித்த சக்கரங்கள், கடல் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து இறக்குகிறார்கள். கதவைத் திறந்தால் இருநூறு முந்நூறு மீட்டரில் ஒரு கரடி நடந்து போய்க்கொண்டிருந்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லேக் கிளார்க் தேசியப் பூங்காவின் கடலோரம் இது. தங்குமிடத்தின் வழிகாட்டிப் பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். விதிகளைச் சொன்னார்: கூட்டமாகவே நிற்க வேண்டும், ஓடக் கூடாது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகவே கூடாது. கரடி நம்மை நோக்கி வந்தால் எவ்வளவு தூரம் வருவது என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது, அவர் சொல்வார். சட்டைப்பையில் தின்பண்டம் இருக்கவே கூடாது. மைத்துனன் கொஞ்சம் தயங்கிவிட்டு ஜாக்கெட்டிலிருந்து கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்தான். கோவில்பட்டிச் சரக்கு. அவர் அதை முகர்ந்து பார்த்து, "இது எனக்கே ஆபத்து" என்று சிரித்துவிட்டு, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் வைத்தார்.

நாற்சக்கர மோட்டார் வண்டியின் பின்னால் ஒரு சின்ன டிரெய்லர், அதில் நாங்கள். ஐந்து நிமிடத்தில் பெரிய புல்வெளி. கோரை இனத்துப் புல், முழங்கால் உயரம், பளிச்சென்ற பச்சை. உப்புத் தண்ணீர் வந்துபோகும் சதுப்பில் வளர்வது. அதில் ஆறு கரடிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேறு சொல்லே இல்லை, மேய்ச்சல்தான். சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறுவதற்கு முன் இவற்றுக்கு இதுதான் சாப்பாடு. இளம் கோரையில் புரதம் நிறைய. முற்றினால் சத்து குறைந்துவிடும், அதனால் ஜூனில் வயலே கதி என்று கிடக்கின்றன.

மலைக்காட்டு கிரிஸ்லிக் கரடியும் இதுவும் ஒரே இனம்தான். கடலோரத்தில் மீனும் மட்டியும் கிடைப்பதால் உடம்பு வேறு. வளர்ந்த ஆண் 400 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு இப்படிச் சரக் சரக்கென்று புல்லைக் கடிக்கிறதே என்று முதல் அரைமணி நேரம் வேடிக்கைதான் பார்த்தேன்.

படம் எடுக்க ஆரம்பித்ததும் சிக்கல் புரிந்தது. தலை குனிந்திருக்கும் கரடி, படத்தில் ஒரு பழுப்பு மண்மேடு. அது நிமிர வேண்டும். நிமிர்ந்தாலும் கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழ வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் உயிர் இருக்காது. மேகமூட்டமான வானம் இதற்கு நல்லது, ரோமத்தின் ஒவ்வொரு அடுக்கும் தெரிகிறது. பிரச்சினை, காமிரா இந்த இருண்ட உடம்பைப் பார்த்து ஏமாந்து பச்சையை வெளிற அடிக்கிறது. ஒளியைக் கொஞ்சம் குறைத்து வைத்து, மண்டியிட்டு, கரடியின் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கினால்தான் சரியாக வருகிறது. மண்டியிட்ட இடமெல்லாம் தண்ணீர் ஊறுகிற சதுப்பு என்பதை முழங்கால் சீக்கிரமே அறிந்துகொண்டது.

மாலையில் ஒரு தாய், இந்த வருடம் பிறந்த இரண்டு குட்டிகளோடு, எங்களை நோக்கியே மேய்ந்து வந்தது. வழிகாட்டி எங்களை உட்கார வைத்தார். பெரிய ஆண் கரடிகள் மனிதர்களிடமிருந்து விலகி நிற்கும், அவை குட்டிகளைக் கொல்லக்கூடியவை. அதனால் சில தாய்கள் மனிதர் பக்கமாக ஒதுங்கும் என்றார். நாங்கள் அதற்கு ஒரு வேலி, அவ்வளவுதான். முப்பது மீட்டர் இருக்கும். தாய் மல்லாந்து உட்கார, குட்டிகள் மேலே ஏறிப் பால் குடித்தன. குடிக்கும்போது அவை ஒரு ஒலி எழுப்புகின்றன. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி, விடாமல், அடித்தொண்டையிலிருந்து ஒரே சுருதி. அதைப் படத்தில் கொண்டுவர முடியாது. என் 600 மில்லிமீட்டர் லென்ஸில் தாயும் குட்டிகளும் முழுதாக அடங்கவில்லை. சரி என்று காமிராவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

ஜூன் 29, சேறு

குக் நீர்வழியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 6 மீட்டருக்கு மேல் வித்தியாசம். காலை வற்றத்தில் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது, கரடிகளும் அதன் பின்னாலேயே போய்விட்டன. மட்டி தோண்ட.

ஈர மணலில் மூக்கை வைத்துக்கொண்டே நடக்கும். ஓரிடத்தில் நின்று முன்னங்காலால் நாலு வீச்சு, கையை முழங்கை வரை உள்ளே விடும். வெளியே வரும்போது நகத்துக்கு நடுவே ஒரு நீள மட்டி. என் விரலைவிட நீளமான நகங்கள், ஆனால் மட்டியைத் திறக்கும்போது எவ்வளவு பதவிசு! சதையை நக்கிவிட்டு ஓட்டைப் போட்டுவிட்டு அடுத்தது. ஒரு கிழட்டுப் பெண் கரடி ஒரு மணி நேரமும் தலையைத் தூக்காமல் தோண்டிக்கொண்டே இருந்தது. அதன் குட்டி, ரெண்டு வயதிருக்கும், தானும் தோண்டிப் பார்த்தது. எதுவும் வரவில்லை. தாயின் வாயருகே மூக்கை நீட்டி ஒரு உறுமல் வாங்கிக்கொண்டது.

எனக்கு இந்தப் பயணத்தின் படம் இங்கேதான் கிடைத்தது. சேற்றில் தேங்கிய தண்ணீர் வானத்தைப் பிரதிபலிக்க, அதன் நடுவே கையை மண்ணுக்குள் விட்டபடி, காதை ஒரு பக்கம் சாய்த்து, ஏதோ யோசிக்கிற கரடி. பல்லும் இல்லை, கோபமும் இல்லை.

ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவருக்கு இது போதவில்லை. சண்டை வேண்டும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று வழிகாட்டியை நச்சரித்தார். "அது எழுந்து நின்றால் உன்னைப் பற்றி அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று பொருள். அதற்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் சம்பளம்" என்றார் அவர்.

திரும்பும்போது சேறு என் இடது பூட்ஸைப் பிடித்துக்கொண்டது. இடுப்பு வரை ஏறும் ரப்பர் பூட்ஸ், காலை உருவினால் கால் மட்டும் வருகிறது. ஓதம் ஏறத் தொடங்கிவிட்டது. மினசோட்டா ஆசிரியரும் ஜெர்மன்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். மைத்துனன் உதவாமல் வீடியோ எடுத்தான். அது இப்போது குடும்ப வாட்சப் குழுவில் இருக்கிறது.

ஜூன் 30, மழை

நாள் முழுக்க மழை, 9 டிகிரி. வெளியிலிருந்து அடுப்புச் சூட்டுக்குள் வந்ததும் லென்ஸ் உள்ளும் புறமும் வேர்த்துவிட்டது, தெளிய ஒரு மணி நேரம். பாதிப் பேர் மதியத்தோடு விட்டுவிட்டார்கள். கொசுவும் அதைவிடச் சின்னதாய்க் கண்ணுக்கே தெரியாத ஒரு கடி ஈயும் மட்டும் மழையைப் பொருட்படுத்தவில்லை.

சாப்பாட்டு மேசையில் டிமதி ட்ரெட்வெல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. இங்கிருந்து தெற்கே, கட்மாய் கடற்கரையில், பதின்மூன்று கோடைகாலங்கள் கரடிகளுக்கு நடுவே கூடாரம் போட்டு, பெயர் வைத்துக் கூப்பிட்டு வாழ்ந்தவர். 2003 அக்டோபரில் கஃப்லியா விரிகுடாவில் அவரையும் உடனிருந்த தோழியையும் ஒரு கரடி கொன்றது. பிறகு அங்கே இரண்டு கரடிகளைச் சுட்டார்கள். அவர் கரடிகளை நேசித்தார் என்று ஆசிரியரின் மனைவி சொன்னார். வழிகாட்டி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெக்நீல் நதியைப் பற்றிச் சொன்னார். 1967லிருந்து கரடிகளுக்கான காப்பிடம். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கலில். அதே மனிதர்கள், அதே பாதை, அதே இடம், அதே நேரம். எழுபதுகளில் அங்கே பொறுப்புக்கு வந்த லேரி ஔமில்லர் கிட்டத்தட்ட முப்பது வருடம் இந்த ஒழுங்கை விடாமல் காத்தார். கரடிகள் மனிதர்களைக் கல்லாகவோ மரமாகவோ எடுத்துக்கொண்டு கைதொடும் தூரத்தில் மீன் பிடிக்கின்றன.

நேற்றும் முந்தாநாளும் கரடி எங்களைச் சட்டை செய்யாததை அதன் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மேசையில்தான் அது வேறு மாதிரித் தெரிந்தது. பல வருடமாக இங்கே வந்த ஒருத்தர்கூட ஒரு கடலை மிட்டாயைக் கீழே போடவில்லை. அதைத்தான் நான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீலகிரியில் எஸ்டேட் குப்பைத் தொட்டிக்கு வரும் கரடிகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவை வேறு இனம், ஆனால் கெட்டுப்போன கதை ஒன்றுதான்.

இரவுச் சாப்பாடு சால்மன், பீட்ரூட், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டின் கூழ் வைத்த கேக். தொட்டுக்கொள்ள மைத்துனன் கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய். ஜெர்மன்காரர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 1, டக் தீவு, பிறகு ஹோமர்

காலையில் படகில் டக் தீவு. கொம்புப் பஃபின் என்ற கடற்பறவைகள் பாறை இடுக்கிலிருந்து விழுந்து, விழுகிற வேகத்திலேயே பறக்கத் தொடங்குகின்றன. படகு ஆடியதில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கடலும் பாதிச் சிறகும். மதியம் வானம் தெளிந்து ஹோமர் திரும்பினோம். குளித்தேன். வேறொன்றும் எழுத இல்லை.

ஜூலை 3, ப்ரூக்ஸ் அருவி

எல்லோரும் பார்த்த அந்தப் படம், பாயும் சால்மன் நேரே கரடி வாய்க்குள் போவது, இங்கே எடுப்பதுதான். கட்மாய் தேசியப் பூங்கா. 1912 ஜூனில் நோவாருப்தா வெடித்தது, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எரிமலை வெடிப்பு. அந்த நிலத்தைக் காக்க 1918ல் ஒதுக்கினார்கள், கரடிக்காக அல்ல. இப்போது எரிமலையைப் பார்க்க வருபவர் சொற்பம்.

ஆங்கரேஜிலிருந்து கிங் சால்மன் ஊர், அங்கிருந்து மிதவை விமானத்தில் நக்னெக் ஏரி. ஒரு நாளுக்கு ஆளுக்கு 1,300 டாலருக்கு மேல் ஆனது. இறங்கியதும் முதல் வேலை கரடிப் பள்ளிக்கூடம். ரேஞ்சர் வகுப்பெடுத்து, சட்டையில் ஒரு சின்ன பின் குத்திவிடுகிறார். அது இல்லாமல் நடமாட முடியாது. ஐம்பது கஜத்துக்குள் கரடியை நெருங்கக் கூடாது. அனுமதித்த இடங்களுக்கு வெளியே தண்ணீர் தவிர எதுவும் வாயில் போடக் கூடாது.

ஆற்றைக் கடக்க 2019ல் கட்டிய உயரமான பாலம். அதற்குமுன் மிதக்கும் பாலம்தானாம். கரையில் ஒரு கரடி படுத்துத் தூங்கினால் ஊரே நின்றுவிடும். இப்போதும் அருவிக்குப் போகும் காட்டுப்பாதையில் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். முன்னால் ஒரு கரடி பாதையில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. கரடியால் ஆகும் தாமதத்துக்கு மனிதர் இவ்வளவு பொறுமை காட்டுவதை வேறெங்கும் பார்த்ததில்லை.

அருவி மேடையில் நாற்பது பேருக்குத்தான் இடம். பெயர் எழுதிக்கொடுத்துவிட்டுக் கீழ்மேடையில் காத்திருக்க வேண்டும், கூப்பிட்டதும் போகலாம், நேரம் முடிந்ததும் இறங்க வேண்டும். அருவி என்கிறார்களே தவிர உயரம் சுமார் இரண்டு மீட்டர்தான். விளிம்பில் ஒரு கரடி வாயைத் திறந்து நிற்கிறது. கீழே நுரைக்கும் குழியில் மிகப் பெரிய ஆண் ஒன்று தொப்பையை மிதக்கவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழிக்கு ஜக்குஸி என்றே பெயர். எந்த இடம் யாருக்கு என்பதை உடம்பின் அளவு தீர்மானிக்கிறது. சின்னவை ஓரத்தில் நின்று, மிச்சம் மிதந்து வருமா என்று பார்க்கின்றன. மீன் நிறையக் கிடைக்கிறபோது பெரியவை தோலையும் மூளையையும் சினையையும் மட்டும் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும். அதற்குக் கடற்காக்கைகள் அடித்துக்கொள்கின்றன.

பக்கத்தில் நின்ற பெண் ஒவ்வொரு கரடிக்கும் பூங்கா கொடுத்திருக்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வருடா வருடம் நேரலைக் காமிராவில் பார்ப்பவளாம். எந்தக் கரடி அதிகம் கொழுத்தது என்று இணையத்தில் வாக்கெடுக்கும், 2014ல் தொடங்கிய கொழுத்த கரடிப் போட்டியில் தவறாமல் வாக்களிப்பவள். 2024 ஜூலையில் 128ஆம் எண் தாயின் குட்டி அருவியில் அடித்துச் செல்லப்பட்டு, 32ஆம் எண் ஆணிடம் சிக்கிச் செத்ததையும், அதே வருடம் அந்தத் தாய் அந்த ஆணையே வாக்கில் தோற்கடித்ததையும் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. மைத்துனன் தன்னிடம் இருந்த காகிதக் கைக்குட்டையைக் கொடுத்தான்.

ஷட்டரை வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்காக வைத்து, விளிம்புக் கரடியின் வாயில் ஃபோகஸைப் பூட்டி வைத்துக் காத்திருந்தேன். மீன் பாய்ந்தது, வாய் மூடியது, காமிரா வாங்கிக்கொண்டது. கூர்மையாக வந்திருக்கிறது. என் இருபுறமும் நின்ற இருபது காமிராக்களிலும் அதே மீன், அதே வாய். மேடையும் வேலியும் மனித முழங்கைகளும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ப்ரூக்ஸைக் குறை சொல்லவில்லை. அங்கே நிற்கிற கரடிகளும் மீன்களும் நிஜம். ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால், கடற்கரைச் சேற்றுக்குப் போங்கள் என்பேன்.

திரும்பும் மிதவை விமானம் காற்றினால் மூன்று மணி நேரம் தாமதம். ஏரிக்கரையில் ஒரு கரடி எங்கள் விமானத்தின் மிதவையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

ஜூலை 4, ஆங்கரேஜ்

அமெரிக்கச் சுதந்திர தினம். வாணவேடிக்கை பார்க்கலாம் என்றால் நடுராத்திரி நெருங்கியும் வானம் வெளுத்தே கிடக்கிறது. ஓட்டல் அறையில் உட்கார்ந்து படங்களைக் கழித்தேன். முதலில் போனவை பின்புறங்கள். கரடிகள் மேயும்போது நமக்குக் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான். அடுத்து மண்மேடுகள். ப்ரூக்ஸ் மீன் படத்தை அலுவலகத்துக்கு அனுப்பினேன், பத்து நிமிடத்தில் முப்பது கைதட்டல். மட்டி தோண்டும் கரடியை மைத்துனனிடம் காட்டினேன். "இது என்ன அத்தான், சாவியத் தொலச்சிட்டுத் தேடுற மாதிரி இருக்கு" என்றான். அதைத்தான் பெரிதாக அச்சிட்டு வீட்டில் மாட்டப்போகிறேன்.

வாடகைக் கடையில் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது, சேறு கழுவ 15 டாலர் தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

மெக்நீல் குலுக்கலைப் பற்றி விசாரித்தேன். விண்ணப்பத்தில் மைத்துனன் பெயரையும் சேர்த்துப் போடலாம் என்றிருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.